நாற்காலிச் சண்டையும் நாதியற்ற ஜனங்களும்

ஒரு கொடுங்கோல் ஆட்சியை ஒழித்துவிட வேண்டுமென்று நாலு கட்சிக்காரர்கள் ஒன்று கூடுகிறார்கள். மகாநாடு போடுகிறார்கள், கைகோத்துக் கொண்டு படம் பிடித்துக் கொள்ளுகிறார்கள், ஜனங்களும் இனி விடிந்துவிடும் என்று நம்பிக் கைதட்டுகிறார்கள். இத்தனையும் ஆன பிறகு, "ஆட்சி கைக்கு வந்தால் தலைமை நாற்காலியில் யார் உட்காருவது?" என்ற ஒரு கேள்வி கிளம்புகிறது. அவ்வளவுதான். அதுவரையில் எதிரியைப் பார்த்துக் கொண்டிருந்த கண்களெல்லாம் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க ஆரம்பித்து விடுகின்றன. நாற்காலி இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் நாற்காலிக்காகக் கைகலப்பு மட்டும் வந்துவிடுகிறது.

இப்படிப் பொதுப்படையாகப் பேசிவிட்டுப் போவதில் பயனில்லை. வருஷம் போட்டு, ஓட்டுக் கணக்குப் போட்டு, ஒரு தேசத்தின் கதையை எடுத்துப் பரிசோதித்துப் பார்ப்பதுதான் பகுத்தறிவுக்காரனுடைய வேலை. ஆகையால் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா தேசத்தின் கதையை எடுத்துக் கொள்ளுகிறோம்.

அந்தத் தேசத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர், "எதிர்க்கட்சிக்காரர்களுக்குள் ஒற்றுமை இல்லை, அதனால் தோற்றார்கள்" என்று சொல்லி முடித்து விடுகிறார்கள். இது பாதி உண்மைதான். ஏனென்றால், அவர்கள் ஒற்றுமையாக நின்று ஜெயித்த காலமும் உண்டு. அப்போதும் கடைசியில் தோற்றவர்கள் ஜனங்களே. அந்த ஒற்றுமை கொள்கையின்மீது கட்டப்படாமல் நாற்காலியின்மீது கட்டப்பட்டதுதான் அதற்குக் காரணம். நாற்காலியால் ஒட்டவைத்தது நாற்காலியாலேயே உடையும் என்பதுதான் நாம் இங்கே எடுத்துக்காட்ட விரும்புவது.

அசலும் நகலும்

கென்யா 1963 டிசம்பரில் வெள்ளையரிடமிருந்து விடுதலை பெற்றது. நாற்பதுக்கு மேற்பட்ட குலத்தார் வாழும் தேசம் அது. கிக்குயு, லுஹ்யா, கலெஞ்சின், லுவோ, கம்பா என்பவர்கள் அவர்களில் பெருந்தொகையினர். முதல் தலைவரான ஜோமோ கென்யாட்டா 1978இல் இறந்ததும், டேனியல் அராப் மோய் ஜனாதிபதியானார். 1982இல் அவருடைய கானு கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாது என்று சட்டம் செய்தார்கள். 1988இல் நடந்த தேர்தலில், வேட்பாளரைப் பொறுக்கும் கட்டத்தில் இரகசிய ஓட்டையே எடுத்துவிட்டு, ஓட்டர்களை அவரவர் வேட்பாளருக்குப் பின்னால் பகிரங்கமாக வரிசையில் நிற்கச் செய்தார்கள். நீண்ட வரிசை தோற்றுக் குட்டை வரிசை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட வேடிக்கையும் நடந்தது. எதிர்த்துப் பேசியவர்களுக்கு விசாரணையில்லாத சிறைவாசம்.

இந்த நிலையில் 1991 ஆகஸ்டில், ஜராமோகி ஒகிங்கா ஒடிங்கா என்னும் முதிய தலைவரும் அவரைச் சேர்ந்தவர்களுமாக ஆறு பேர் கூடி, ஜனநாயகத்தை மீட்பதற்கென்று ஒரு மன்றம் கண்டார்கள். அதன் பெயரைச் சுருக்கி ஃபோர்டு என்று சொன்னார்கள். அதில் லுவோவும் இருந்தார், லுஹ்யாவும் இருந்தார், கிக்குயுவும் இருந்தார், கடற்கரை முஸ்லிமும் இருந்தார். ஜனங்கள் திரண்டார்கள். வெளிநாட்டுக் கடன்காரர்களும் 1991 நவம்பரில் பணத்தை நிறுத்தினார்கள். மோய் பணிந்தார். 1991 டிசம்பரில் ஒரே கட்சிச் சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது, கூடவே ஒற்றுமையும் ஒழிந்தது. கென்னத் மட்டிபா என்பவர் பல கட்சி ஆட்சி கேட்ட குற்றத்துக்காக 1990இல் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கே பக்கவாதத்துக்கு ஆளாகி, லண்டனில் வைத்தியம் பார்த்துக் கொண்டு 1992 மே மாதம் ஊர் திரும்பினார். அவருக்கு வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. கிழவர் ஒடிங்காவுக்கும் நாற்காலி வேண்டும். மட்டிபாவுக்கும் நாற்காலி வேண்டும். ஒரு கட்சிக்கு நைரோபி நகரத்தில் இரண்டு ஆபீசுகள் ஏற்பட்டன. வேட்பாளரைப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுப்பதா, அங்கத்தினர்கள் எல்லோரும் நேரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதா என்று வாதம் நடந்தது. வாதம் முறையைப் பற்றியது போலத் தோன்றினாலும், எந்த முறையில் எவர் ஜெயிப்பார் என்பதே உள்ளே இருந்த விஷயம். கடைசியில் ஒடிங்காவின் கட்சி "ஃபோர்டு கென்யா" என்றும், மட்டிபாவின் கட்சி "ஃபோர்டு அசிலி" என்றும் இரண்டாயிற்று.

அசிலி என்றால் சுவாஹிலி பாஷையில் மூலமானது, அசல் என்று அர்த்தம். நாம் வழங்கும் "அசல்" என்ற சொல்லும் அந்தச் சொல்லும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவைதாம். ஒரே வீதியில் இரண்டு அல்வாக் கடைக்காரர்கள் "இதுவே அசல் கடை" என்று பலகை மாட்டிக் கொண்டு சண்டை போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே விற்ற சரக்கு அல்வா அல்ல. ஒரு தேசத்தின் விடுதலை. இது போதாதென்று, பத்து வருஷம் மோயின்கீழ் உப ஜனாதிபதியாய் இருந்த முவாய் கிபாக்கியும் கானுவை விட்டு வெளியேறித் தனிக் கட்சி கண்டு, அவரும் அதே நாற்காலிக்கு நின்றார்.

1992 டிசம்பர் 29ஆம் தேதி தேர்தல் நடந்தது. ஓட்டுக் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு மோய்க்குச் சுமார் 36. மட்டிபாவுக்கு 26. கிபாக்கிக்கு 19. ஒடிங்காவுக்கு 17. அதாவது நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோய் வேண்டாமென்று சொன்னார்கள். மோய் ஜனாதிபதியாகவே இருந்தார். சட்டசபையிலும் 188 ஸ்தானங்களில் கானுவுக்கு 100. இரண்டு ஃபோர்டுகளுக்கும் ஆளுக்கு 31. கிபாக்கி கட்சிக்கு 23. மோயைக் காப்பாற்றியது அவருடைய போலீசும் பணமும் மட்டுமல்ல, அவருடைய எதிரிகளும்தான்.

ஐந்து வருஷத்தில் புத்தி வந்திருக்க வேண்டுமல்லவா? ஒடிங்கா 1994இல் இறந்தார். அவருடைய மகன் ரைலா ஒடிங்காவுக்கும் வமால்வா என்பவருக்கும் கட்சித் தலைமைக்குப் போட்டி வந்து, ரைலா வேறு கட்சிக்குப் போனார். 1997 தேர்தலில் எதிர்த்தரப்பில் கிபாக்கி ஒருபுறம், ரைலா ஒருபுறம், வமால்வா ஒருபுறம், சாரிட்டி இங்கிலு என்ற அம்மையார் ஒருபுறம். மோய் நூற்றுக்கு 40 ஓட்டில் மறுபடியும் ஜெயித்தார்.

இந்தத் தலைவர்களை வெறும் பதவிப் பித்தர்கள் என்று சொல்லி ஒதுக்கிவிட நாம் தயாராயில்லை. சிறை சென்றவர்கள், உடல் நலத்தை இழந்தவர்கள் அவர்களில் உண்டு. ரைலா பல வருஷம் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர். ஆனால் தியாகம் செய்தவனுக்குத் தேசம் கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனை நாற்காலியாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், தியாகம் வியாபாரமாகிவிடுகிறது. கோயிலுக்கு மானியம் எழுதிக் கொடுத்தவன் பரம்பரைத் தர்மகர்த்தாவாக உட்காருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாமியும் குலமும்

இரண்டு பேருக்கு ஒரே கொள்கை, ஒரே எதிரி. பிறகு எதைக் காட்டி இவன் தனக்கு ஓட்டுப் போடு என்று கேட்பது? கொள்கையில் வித்தியாசம் இல்லாதபோது பிறப்பில் வித்தியாசத்தைக் காட்ட வேண்டியதாகிறது. மட்டிபாவும் கிபாக்கியும் கிக்குயு ஓட்டைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். ஒடிங்காவுக்கு லுவோ நாடு பெட்டி பெட்டியாக ஓட்டுக் கொடுத்தது. "நம்மவன் ஆண்டால் நமக்குச் சாப்பாடு" என்பதே பிரசாரமாயிற்று. அந்தத் தேசத்தில், இது எங்கள் குலம் சாப்பிடுகிற முறை என்று அரசியலைப் பற்றிப் பேசுவது சகஜம். நம்மவர்கள் ஜாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

குலத்தைச் சொன்னால் மட்டும் போதுமா? குலத்துக்குப் பின்னால் ஒரு சாமியும் வேண்டும். சமீப காலத்து உதாரணம் ஒன்று சொல்லுகிறோம். கிக்குயு மக்களின் ஆதி தம்பதிகளை இங்காய் என்னும் கடவுள் முரங்கா பக்கத்தில் ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்தார் என்பது ஒரு புராணம். 2021 மே மாதத்தில் அந்தப் புராண ஸ்தலத்தில், அப்போது சட்டசபைத் தலைவராயிருந்த ஜஸ்டின் முத்துரி என்பவருக்குக் குலப் பெரியவர்கள் சடங்கு செய்து, மவுண்ட் கென்யா பிரதேசம் முழுவதற்கும் இவரே வாய் என்று பட்டம் கட்டினார்கள். அவர் ஜனாதிபதி வேட்பாளராகவும் கிளம்பினார். மறு வருஷமே போட்டியை விட்டு, வில்லியம் ரூட்டோவின் கூட்டில் சேர்ந்து, பிறகு அந்த ஆட்சியில் அட்டர்னி ஜெனரலும் ஆனார். ஒரு பிரதேசத்தின் வாயாகச் சாமி சந்நிதியில் நியமிக்கப்பட்டவர், அந்தப் பிரதேசத்தார் எத்தனை பேரைக் கேட்டுக் கொண்டு கூட்டு மாறினார்? கடவுள் கொடுத்த பட்டத்துக்குக் கணக்குக் கேட்க முடியாது. அதனால்தான் பதவி வேட்டைக்காரர்களுக்கு ஜனங்கள் கொடுக்கும் பட்டத்தைவிடக் கடவுள் கொடுக்கும் பட்டத்தின்மேல் ஆசை அதிகம்.

ஜெயித்த கூட்டின் கதை

இனி அவர்கள் ஒற்றுமையாய் நின்ற கதைக்கு வருவோம். 2002இல் மோய் விலக வேண்டிய காலம். ரைலா தம்முடைய கட்சியைக் கொண்டுபோய் மோயின் கானுவிலேயே கலந்துவிட்டிருந்தார். அடுத்த நாற்காலி தமக்கு வரும் என்பது எண்ணம். ஆனால் மோய் கை காட்டியது ஜோமோ கென்யாட்டாவின் மகன் உஹுரு கென்யாட்டாவை. ஏமாந்தவர்கள் வெளியேறினார்கள். 2002 அக்டோபரில் நைரோபியில் கூடிய பெருங்கூட்டத்தில், கிபாக்கியே போதும் என்று ரைலா அறிவித்தார். தேசிய வானவில் கூட்டு பிறந்தது. டிசம்பரில் கிபாக்கி மோட்டார் விபத்தில் அடிபட்டு லண்டன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போட்டியாளராயிருந்தவர்களே அவருக்காக ஊர் ஊராகச் சென்று ஓட்டுக் கேட்டார்கள். கிபாக்கிக்கு நூற்றுக்கு 62, உஹுருவுக்கு 31. நாற்பது வருஷத்துக் கானு ஆட்சி ஒரே நாளில் விழுந்தது. கிபாக்கி தள்ளுநாற்காலியில் உட்கார்ந்தபடியே பதவிப் பிரமாணம் செய்தார்.

ஒற்றுமை ஜனங்களுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு அத்தாட்சி உண்டு. 2003 ஜனவரியில் ஆரம்பப் படிப்புக்குச் சம்பளம் இல்லையென்று உத்தரவு போட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் புதிதாகப் பள்ளிக்கூடம் வந்தார்கள். 2004இல், கிமானி மருகே என்ற 84 வயதுக் கிழவரும் எல்டோரெட் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். அவர் வெள்ளையரை எதிர்த்த மவுமவுப் போரில் ஈடுபட்டவர். பாதிரியார் பைபிளில் உள்ளபடிதான் பிரசங்கம் செய்கிறாரா என்பதைத் தாமே படித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் படிக்க வந்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. தோழர்களே, பகுத்தறிவுக்கு இதைவிடப் பெரிய விளக்கம் நம்மால் எழுத முடியாது. பிறர் சொன்னதை நம்பாதே, நீயே படித்துப் பார் என்று 84 வயதில் ஒருவர் சிலேட்டைத் தூக்கிக் கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனால் அந்தக் கூட்டின் அடியில் வேறொரு காகிதம் இருந்தது. கூட்டுச் சேர்ந்த இரண்டு தரப்பாருக்கும் இடையே ஒரு உடன்படிக்கை. மந்திரிப் பதவிகளில் பாதிக்குப் பாதி. புதிதாகப் பிரதம மந்திரிப் பதவி ஒன்றை உண்டாக்கி அது ரைலாவுக்கு. இதுதான் அதன் சாரம். இதை ஜனங்களிடம் காட்டி ஓட்டுக் கேட்டார்களா? இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கிபாக்கி தரப்பார் அந்தக் காகிதத்தை மதித்தார்களா? அதுவுமில்லை. சர்க்கார் நிலங்களை முன்னாள் ஆட்சியாளர்கள் திருடியதைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் வைத்தார்கள்; அது 2004இல் பெரிய அறிக்கை கொடுத்தது. நிலமில்லாதவர்களுக்கு அந்த அறிக்கை சோறு போடவில்லை. மந்திரிகளோ அறிக்கையைப் பற்றிச் சண்டை போடவில்லை. பங்கைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

2005 நவம்பரில் புதிய அரசியல் சட்டத்தைப் பற்றி ஜன வாக்கெடுப்பு நடந்தது. ஆமென்பதற்கு வாழைப்பழம் அடையாளம், இல்லையென்பதற்கு ஆரஞ்சு. ஒரே மந்திரிசபையில் இருந்தவர்களில் ஒரு சாரார் வாழைப்பழம், ஒரு சாரார் ஆரஞ்சு. ஆரஞ்சு ஜெயித்தது. கிபாக்கி மந்திரிசபையையே கலைத்தார். வெளியே வந்தவர்கள் ஆரஞ்சு ஜனநாயக இயக்கம் என்று புதிய எதிர்க்கட்சிக் கூட்டு ஒன்றைக் கண்டார்கள்.

கட்சி யார் சட்டைப்பையில்?

இந்தப் புதிய கூட்டிலாவது புத்தி இருந்ததா? பெயரைப் பதியப் போனால், யாரோ ஒரு வக்கீல் முந்திக் கொண்டு அந்தப் பெயரைப் பதிந்துவிட்டிருந்தார். ஆகவே வாலில் "கென்யா" என்ற சொல்லை ஒட்டிப் பதிந்து கொண்டார்கள். உள்ளே ரைலா ஒடிங்கா ஒரு ஜனாதிபதி வேட்பாளர். கலோன்சோ முசியோக்கா இன்னொரு வேட்பாளர். முடவாடி, ரூட்டோ முதலியவர்கள் வேறு. வேட்பாளரை எப்படிப் பொறுக்குவது என்று மறுபடியும் 1992ஆம் வருஷத்து வாதமே நடந்தது. 2007 ஆகஸ்டில் கூட்டு பிளந்தது. பதிவுப் பத்திரம் எந்தக் கோஷ்டியார் கையில் இருந்ததோ அந்தக் கோஷ்டி, அதாவது கலோன்சோவின் கோஷ்டி, வாலுள்ள கட்சியை வைத்துக் கொண்டது. ரைலாவோ வக்கீலிடம் போய் வாலில்லாத கட்சியை வாங்கிக் கொண்டார். லட்சக்கணக்கான ஜனங்களின் நம்பிக்கையெல்லாம், ஒரு காகிதம் எவர் சட்டைப்பையில் இருக்கிறது என்பதில் போய் முடிந்தது.

கலோன்சோ, கிபாக்கிக்கும் ரைலாவுக்கும் நடுவே புகுந்து போய் ஜெயித்துவிடுவேன் என்று பிரசாரம் செய்தார். 2007 டிசம்பர் 27ஆம் தேதி தேர்தல். அறிவிக்கப்பட்ட கணக்குப்படி கிபாக்கிக்கு 45 லட்சத்து 84 ஆயிரம் ஓட்டு. ரைலாவுக்கு 43 லட்சத்து 52 ஆயிரம். கலோன்சோவுக்கு 8 லட்சத்து 79 ஆயிரம். முதல் இருவருக்கும் வித்தியாசம் இரண்டு லட்சத்து முப்பத்தீராயிரத்துக்குள். நடுவே புகுந்து போனவர் கொண்டுபோனது அதைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

கிபாக்கி இருட்டோடு இருட்டாய்ப் பதவிப் பிரமாணம் செய்து கொண்டார். உடனே தேசம் தீப்பற்றி எரிந்தது. பிற்பாடு விசாரித்த கமிஷன் 1,133 பேர் செத்ததாகக் கணக்குச் சொல்லிற்று. லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசல் இழந்தார்கள். 2008 ஜனவரி முதல் தேதி, எல்டோரெட் பக்கத்தில் கியாம்பா என்ற இடத்தில், மாதா கோயிலுக்குள் புகலிடம் தேடிய கிக்குயுப் பெண்களும் குழந்தைகளும் கோயிலோடு கொளுத்தப்பட்டார்கள். கொளுத்தினவர்களும் கிறிஸ்தவர்கள், வெந்தவர்களும் கிறிஸ்தவர்கள், இருவருக்கும் ஒரே சாமி. அந்தச் சாமி அன்றைக்கு ஒருவர் கையையும் பிடிக்கவில்லை. குலம் என்று பிரசங்க மேடையில் சொல்லப்பட்ட சொல் கியாம்பாவில் நெருப்பாக வந்தது.

84 வயதில் பள்ளிக்கூடம் போன மருகே கிழவர் என்ன ஆனார் தெரியுமா? அந்தக் கலவரத்தில் சொத்தைப் பறிகொடுத்து அகதி முகாமில் கூடாரத்தில் கிடந்தார். அங்கிருந்தும் பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போய்க் கொண்டுதான் இருந்தார். 2009இல் இறந்து போனார்.

தலைவர்கள் என்ன ஆனார்கள்? பிணங்கள் விழுந்து கொண்டிருந்த அதே 2008 ஜனவரியில் கலோன்சோ உப ஜனாதிபதியானார். கோபி அன்னான் வந்து சமாதானம் பேசி, பிப்ரவரி 28ஆம் தேதி ஒப்பந்தம் செய்து வைக்க, ஏப்ரலில் ரைலா பிரதம மந்திரியானார். கிபாக்கி ஜனாதிபதியாகவே இருந்தார். எல்லோருக்கும் இடம் கொடுப்பதற்காக நாற்பது மந்திரிகளைக் கொண்ட சபை அமைக்கப்பட்டது. மூன்று தலைவர்களுக்கும் மூன்று நாற்காலி கிடைத்தது. கூடாரத்திலிருந்தவர்கள் பல வருஷம் கூடாரத்திலேயே இருந்தார்கள்.

ஆட்சேபணைகளுக்குப் பதில்

நிற்க. நமது கருத்துக்குச் சில ஆட்சேபணைகள் சொல்லக்கூடும். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது, "தோல்விக்குக் காரணம் பிளவு அல்ல, ஓட்டு மோசடிதான்" என்பார்கள். 2007 தேர்தலில் எண்ணிக்கை எவ்வளவு சீர்கெட்டுக் கிடந்ததென்றால், உண்மையில் ஜெயித்தவர் யார் என்று நிர்ணயிக்கவே முடியாது என்று விசாரணைக் கமிஷன் சொல்லிவிட்டது. கலோன்சோவின் ஓட்டெல்லாம் அப்படியே ரைலாவுக்கு விழுந்திருக்கும் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு லட்சம் வித்தியாசத்தில் திருடுவது சுலபம். எட்டு லட்சம் வித்தியாசத்தில் திருடுவது கஷ்டம். 2002இல் நூற்றுக்கு 62 ஓட்டு விழுந்தபோது எவராலும் திருட முடியவில்லையே! கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திருடனை மட்டும் குற்றம் சொல்லுவது போதாது.

இரண்டாவது, "ஜனநாயகத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாமே, போட்டி தவறா?" என்பார்கள். போட்டி தவறு என்று நாம் சொல்லவேயில்லை. தனியாக நிற்கிறவன் ஆரம்பத்திலேயே தனியாக நிற்கட்டும். ஒரே மேடையில் ஏறி, ஒரே சத்தியம் செய்து, ஜனங்களுடைய அடியையும் உதையையும் மூலதனமாக வாங்கிக் கொண்டு, இலாபம் பங்கிடும்போது கடையைப் பிரிப்பதுதான் தவறு. அது போட்டியல்ல, நாணயக்கேடு.

மூன்றாவது, "ஜனங்களே குலத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள், தலைவர்கள் என்ன செய்வார்கள்?" என்பார்கள். அப்படியானால் 2002இல் லட்சக்கணக்கான லுவோக்கள் கிக்குயுவாகிய கிபாக்கிக்கு ஓட்டுப் போட்டது எப்படி? இது நம்முடைய பொதுக் காரியம் என்று சொன்னால் ஜனங்கள் குலத்தைத் தாண்டி வருவார்கள் என்பதற்கு அதைவிட ருசு வேண்டுமா? அவர்களை மறுபடியும் குலப் பட்டிக்குள் ஓட்டிக் கொண்டுபோய் அடைத்தவர்கள் தலைவர்களே.

2008க்குப் பிறகு

இதோடு பாடம் கற்றார்களா என்றால், நாற்காலி மாற்றும் வித்தையைத்தான் கற்றார்கள். 2010இல் வந்த புதிய அரசியல் சட்டம், ஜனாதிபதியாகிறவர் பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டும், 47 ஜில்லாக்களில் பாதியிலாவது கால்வாசி ஓட்டு வாங்க வேண்டும் என்று விதித்தது. முப்பத்தாறு ஓட்டில் ஆளும் வழி அடைபட்டது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டம் ஓட்டைத்தான் கூட்டச் சொல்லும்; கொள்கையைக் கூட்டச் சொல்லாது. 2007இல் எதிரெதிர் முகாமில் நின்று, பிற்பாடு சர்வதேசக் கோர்ட்டில் குற்றஞ்சாட்டப்பட்ட உஹுருவும் ரூட்டோவும் 2013இல் கைகோத்துக் கொண்டு ஜெயித்தார்கள். 2007இல் கூட்டை உடைத்துக் கொண்டு போன கலோன்சோ, 2013இலும் 2017இலும் அதே ரைலாவுக்கு உப ஜனாதிபதி வேட்பாளராக நின்றார். 2018 ஜனவரி 30ஆம் தேதி ரைலா பைபிளைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு தம்மைத் தாமே ஜனங்களின் ஜனாதிபதியென்று பிரமாணம் செய்து கொண்டபோது, கூட்டின் மற்ற மூன்று தலைவர்களும் மேடைப் பக்கமே வரவில்லை. அதே வருஷம் மார்ச் 9ஆம் தேதி ரைலா, உஹுருவோடு கை குலுக்கிக் கொண்டார். கூட்டாளிகளுக்குச் செய்தி அதற்குப் பிறகுதான்.

2024 ஜூனில் புதிய வரிகளை எதிர்த்து அந்தத் தேசத்து வாலிபர்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்களுக்குக் குலமில்லை, கட்சியில்லை, தலைவனில்லை என்று சொல்லிக் கொண்டு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பல பத்துப் பேர் செத்தார்கள். ஜூன் 26ஆம் தேதி ஜனாதிபதி ரூட்டோ வரி மசோதாவைக் கைவிட்டார். ஆகஸ்டுக்குள் என்ன நடந்தது? ரைலாவின் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பெரிய புள்ளிகள் நாலு பேர் ரூட்டோவின் மந்திரிகளானார்கள். சுடப்பட்டவன் ஒருவன், சுகம் கண்டவன் இன்னொருவன். 2025 மார்ச்சில் இரண்டு கட்சிக்கும் எழுத்து மூலமான உடன்படிக்கையே ஏற்பட்டது. அதே வருஷம் அக்டோபரில் ரைலா இறந்துபோனார். ஐந்து தடவை ஜனாதிபதி நாற்காலிக்கு நின்று ஒரு தடவையும் உட்காராமல் போன மனிதர் அவர். அவர் உட்காராமல் போனது ஒரு பெரிய துக்கமல்ல. அவர் பின்னால் நின்ற ஜனங்கள் கேட்ட பள்ளிக்கூடமும் நிலமும் வேலையும் ஒவ்வொரு தடவையும் நாற்காலிப் பேரத்தில் மறைந்து போனதுதான் துக்கம்.

செய்ய வேண்டியது என்ன?

ஆகவே தோழர்களே! எந்தத் தேசத்திலும், எந்த எதிர்க்கட்சிக் கூட்டு உங்களிடம் வந்து ஆதரவு கேட்டாலும், கைகோத்த படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சில கேள்விகளைக் கேளுங்கள்.

உங்களுக்குள் செய்து கொண்ட உடன்படிக்கை எங்கே? அதை அச்சடித்து எங்கள் கையில் கொடு. அதில் இத்தனை மந்திரி இந்தக் கோஷ்டிக்கு என்று இருக்கிறதா, இத்தனை பள்ளிக்கூடம், இத்தனை நிலம், இன்ன வரி குறைப்பு என்று இருக்கிறதா? வேட்பாளரைப் பொறுக்கும் முறை எது? யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்னமேயே முறையை எழுதி வைத்தாயா? தோற்றவன் கட்சியை விட்டுப் போகாமல் ஜெயித்தவனுக்கு வேலை செய்வதாக எங்கள் முன்னால் ஒப்புக் கொள்ளுகிறாயா? கட்சி அங்கத்தினர்களுடையதா, பதிவுப் பத்திரம் வைத்திருப்பவனுடையதா? உனக்குப் பட்டம் கட்டியது நாங்களா, உன் குலப் பெரியவர்களும் பூசாரிகளுமா?

இக்கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாதவன் மோயை எதிர்த்தாலும் ஒன்றுதான், மோயாகவே இருந்தாலும் ஒன்றுதான். தலைவனிடம் பக்தி வைக்கிறவனால் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. பக்தனுக்குச் சாமி செய்ததெல்லாம் திருவிளையாடல். தலைவன் கூட்டை உடைத்தாலும் ராஜதந்திரம், சேர்த்தாலும் ராஜதந்திரம். சாமிக்குத் தேங்காய் உடைக்கும் வழக்கத்தை விட்டவன், ஆசாமிக்குத் தேங்காய் உடைக்கும் வழக்கத்தையும் விட்டாக வேண்டும்.

பாதிரியார் சொல்வது சரிதானா என்று பார்க்க 84 வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் போனார் ஒரு கிழவர். நாமும் நம்முடைய தலைவர்களின் உடன்படிக்கையை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஓட்டுப் போடுவோம்.